தகரத்தைப் பறக்க வைத்த பேராசிரியர் யுங்கர்ஸ்

ஜிங்க் தகரத்தை அறியாத வியாபாரி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க மாட்டார். மட்டமான மெல்லிய தகடு ஒன்றை இரு கையாலும் பிடித்துத் தூக்கினால் அது துணியைப் போல் தொங்கும். அதே கனமுள்ள தகட்டை நெளி நெளியாக வளைத்துக் கூரையில் போட்டால் ஆள் ஏறி நடந்தாலும் தாங்கும். இரும்பு கூடவில்லை, வடிவம் ஒன்றுதான் மாறியது. கூரையில் கிடந்த இந்தச் சின்ன உண்மையை ஆகாயத்துக்குக் கொண்டுபோனவர் ஜெர்மனி தேசத்துப் பேராசிரியர் ஹூகோ யுங்கர்ஸ்.

மரச்சட்டமும் துணியும் கொண்டு விமானம் கட்டிய காலத்தில், முழுவதும் உலோகத்தாலேயே அதைக் கட்டலாம் என்று செய்து காட்டியவர் அவர். இயந்திர சாஸ்திரத்தில் அவருக்குள்ள இடம் பெரியது. ஆனால் அவர் சாஸ்திரி மட்டுமல்லர். முதல் போட்டுத் தொழில் நடத்திய முதலாளியும் ஆவார். லாபம், நஷ்டம், கூட்டு, கடன், சர்க்கார் ஆர்டர், கடைசியில் பெயர் ஆகிய அனைத்தும் அவர் வாழ்க்கையில் வருகின்றன. ஆகவே வியாபாரிகளாகிய நாம் அதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

பிறப்பும் படிப்பும்

யுங்கர்ஸ் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, ரைன் ஆற்றுப் பிரதேசத்தில் ரைட் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் நெசவாலை வைத்திருந்தவர். பிள்ளைகளில் ஏழு பேர் ஆண்கள், ஹூகோ மூன்றாமவர். பெர்லின், கார்ல்ஸ்ரூஹே, ஆஹன் ஆகிய நகரங்களில் இயந்திரப் படிப்பு படித்து 1883இல் முடித்தார். 1888இல் டெஸ்ஸௌ என்ற நகரத்துக்கு வந்து, அங்கிருந்த காஸ் கம்பெனியின் தலைவர் ஓயெக்கல்ஹாய்சருடன் சேர்ந்து காஸில் ஓடும் பெரிய எஞ்சின்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர் வாழ்வும் தாழ்வும் பிற்காலத்தில் இந்த டெஸ்ஸௌ நகரத்தோடு பிணைந்துவிட்டன.

எஞ்சினைச் சோதிக்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. எரிக்கிற காஸில் எவ்வளவு உஷ்ணம் இருக்கிறது? சரக்கின் எடை தெரியாமல் விலை பேச முடியாதல்லவா? அதுபோல் காஸின் உஷ்ணம் தெரியாமல் எஞ்சின் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. யுங்கர்ஸ் இதற்கு ஒரு கருவி செய்தார். காஸை எரித்து, அந்தச் சூட்டை ஓடுகிற தண்ணீரில் முழுவதும் ஏற்றி, தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று பார்த்துக் கணக்கிடுவது அதன் வழி. காஸுக்கு ஒரு தராசு என்று சொன்னால் பொருந்தும். 1893இல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பதக்கத்தோடு அவர் நிற்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் சூட்டை இவ்வளவு சுத்தமாக ஏற்ற முடியுமானால், அதையே வீட்டுக்கு வெந்நீர் போடும் சாதனமாகச் செய்தால் என்ன என்று எண்ணினார். குளிர் தேசத்தில் வெந்நீர் வேண்டாத வீடு உண்டா? 1895இல் ஒரு பங்காளியுடன் டெஸ்ஸௌவில் யுங்கர்ஸ் கம்பெனியைத் தொடங்கி, காஸில் இயங்கும் குளியல் அடுப்புகளைச் செய்து விற்றார். சரக்கு நம்பிக்கையானது, விற்பனை பெருகியது. 1897இல் ஆஹன் உயர்தரக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. கல்லூரியும் தொழிற்சாலையுமாக இரண்டையும் நடத்தினார். 1898இல் விவாகம் நடந்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் அடுப்பு என்பது மெல்லிய தகட்டு வேலை. தகட்டை வெட்டுவதும், மடிப்பதும், ஒழுகாமல் ஒட்டுவதும் அவர் ஆட்களுக்குக் கைவந்த கலையாயிற்று. விமானத்தைப் பற்றி ஒருவரும் நினைக்காத அந்தப் பட்டறையில்தான் உலோக விமானத்துக்கு வேண்டிய கைப்பழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது.

ஐம்பது வயதில் புதிய வேலை

பலரும் ஓய்வைப் பற்றி யோசிக்கிற ஐம்பது வயதில் யுங்கர்ஸ் விமானத்தின் பக்கம் திரும்பினார். ஆஹன் கல்லூரியில் அவருடன் வேலை பார்த்த பேராசிரியர் ரைஸ்னர் என்பவர் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அலுமினியத்தில் நெளித்தகட்டு இறக்கைகளை யுங்கர்ஸ் தொழிற்சாலை செய்து கொடுத்தது. அந்த விமானம் 1912இல் பறந்தது.

அக்காலத்து விமானம் எப்படியிருந்தது? மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிப் பசை பூசிய துணி, சட்டம் ஒடியாமலிருக்க வெளியே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். லேசானதுதான். ஆனால் மழையில் துணி தளரும், ஈரத்தில் மரம் ஊதும், பசை விடும், ஒரு பொறி பட்டால் எல்லாம் சாம்பல். அந்தக் கம்பிகள் காற்றைத் தடுத்து எஞ்சினின் சக்தியைத் தின்றன. பந்தயத்துக்கும் வேடிக்கைக்கும் அது போதும். நாள் தவறாமல் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல அது உதவாது.

யுங்கர்ஸ் வேறு விதமாக யோசித்தார். இறக்கையைத் தடிமனாகச் செய். தாங்கும் சட்டங்களை அதன் வயிற்றுக்குள் வை. வெளியே ஒரு கம்பியும் வேண்டாம். மேலே மூடுகிற தோலும் சும்மா இருக்காமல் பாரத்தில் தன் பங்கைச் சுமக்கட்டும் என்பது அவர் கொள்கை. தடித்த இறக்கைக்கு 1910 பிப்ரவரி மாதத்தில் உரிமைப் பத்திரம் பதிவு செய்தார். தடித்த இறக்கை பறக்குமா என்று பலர் சிரித்தார்கள். அவர் காற்றுச் சுரங்கம் கட்டிப் பரீட்சை செய்து பார்த்தார். அதற்கு ஆன செலவுக்கு வெந்நீர் அடுப்பு விற்ற பணம் கைகொடுத்தது.

தகரக் கழுதை

1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது. மறு ஆண்டு டெஸ்ஸௌ பட்டறையில் அவருடைய முதல் உலோக விமானம் உருவாயிற்று. அதன் பெயர் ஜே 1. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இரும்புத் தகடு. மேலே வழவழப்பான மெல்லிய தகடு. அதன் உட்புறத்தில் நெளித்தகடு. இரண்டையும் மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டினார்கள். வெளித்தோல் காற்றை வெட்டும். உள்நெளிவு பாரத்தைத் தாங்கும். அடுப்புச் செய்த கைகளே இந்த வேலையையும் செய்தன.

1915 டிசம்பர் 12ஆம் தேதி பெர்லினுக்கு அருகே டோபெரிட்ஸ் மைதானத்தில் மாலின்க்ரோட் என்ற இராணுவ அதிகாரி அதை ஓட்டி மேலே எழுப்பினார். 120 குதிரை சக்தி எஞ்சினைக்கொண்டு அந்த இரும்பு விமானம் மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம் காட்டியது. வெளிக்கம்பி இல்லாததன் பலன் அது. ஆயினும் இரும்பு பாரமாயிற்றே! உயரே ஏறுவதற்கு மிகவும் சிரமப்பட்டது. தகரக் கழுதை என்று அதற்குப் பட்டப்பெயர் கிடைத்தது. இராணுவம் அதை மேற்கொண்டு வாங்கவில்லை.

ஒரு சரக்கு விலைபோகவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். யோசனை தப்பாக இருக்கலாம். அல்லது யோசனை சரியாக இருந்து பொருள் தப்பாக இருக்கலாம். யுங்கர்ஸ் கணக்கைத் திரும்பப் பார்த்து, வடிவம் சரி, பொருளை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்.

டூராலுமின் என்னும் உலோகம்

அந்தப் பொருள் ஜெர்மனியிலேயே இருந்தது. ஆல்பிரட் வில்ம் என்ற உலோக ஆராய்ச்சியாளர் 1906ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கண்டுபிடித்திருந்தார். தனி அலுமினியம் லேசானது, ஆனால் மெத்தென்றிருக்கும். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும், மிகச் சிறிது மக்னீசியமும் மாங்கனீசும் கலந்து, ஏறத்தாழ 500 டிகிரி வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தார் வில்ம். தோய்த்த உடனே அது அவ்வளவாக இறுகவில்லை. சும்மா வைத்திருந்து சில நாள் கழித்துச் சோதித்தால் தானாகவே வெகுவாக இறுகியிருந்தது. டூரென் என்ற ஊர்த் தொழிற்சாலை அதை உற்பத்தி செய்தது. டூராலுமின் என்ற பெயரும் வந்தது. எடையில் இரும்பின் மூன்றிலொரு பங்கைச் சற்றே தாண்டும். பலத்திலோ சாதாரண இரும்புக்குச் சளைக்காது.

ஆனால் இதற்கு வேறு குணம் உண்டு. இரும்பைப் போல் உருக்கி ஒட்டினால் சூடுபட்ட இடத்தில் பலம் போய்விடும். ஆகையால் ஆணி அடித்துத்தான் இணைக்க வேண்டும். அந்த ஆணியும் அதே உலோகம். காய்ச்சித் தோய்த்த பிறகு, இறுகிப்போகும் முன் அடித்துவிட வேண்டும். இப்படிப் பொருள் மாறியதும் பட்டறையின் முறை முழுவதும் மாறியது. உருக்கி ஒட்டுகிறவன் இருந்த இடத்துக்கு ஆணி அடிக்கிறவன் வந்தான். தகட்டின் நெளிவை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்தார் யுங்கர்ஸ். நெளித்தகடே தோலாயிற்று, நெளிவுகள் காற்று ஓடும் திசையிலேயே ஓடின. உள்ளே டூராலுமின் குழாய்களால் சட்டம். யுங்கர்ஸ் விமானத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிய நெளித்தோல் இவ்விதமாகப் பிறந்தது.

1917இல் தரைப்படைக்கு உதவியாகப் பறக்கும் கவச விமானத்தை இந்த முறையில் செய்தார். ஓட்டுபவரையும் எஞ்சினையும் சுற்றி 5 மில்லிமீட்டர் உருக்குக் கவசம். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் டூராலுமின். 227 விமானங்கள் கட்டப்பட்டன. அதிக எண்ணிக்கையில் செய்யவேண்டும் என்று சொல்லி, ஃபாக்கர் என்ற மற்றொரு விமான முதலாளியை அவருடன் கூட்டுச் சேர்த்துவிட்டது சர்க்கார். மனம் ஒவ்வாத கூட்டு. யுத்தம் ஓய்ந்ததும் கலைந்தது. சர்க்கார் அவர் தொழிலுக்குள் கைவைத்தது அதுவே முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

பிரயாணிகளுக்கான விமானம்

யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. விமானத்துக்கு இனி ஆர்டர் ஏது? மற்ற கம்பெனிகள் யுத்த விமானங்களைத் திருத்திப் பிரயாணிகளை ஏற்றிப் பார்த்தன. யுங்கர்ஸ் பழையதைத் திருத்தாமல் புதியதைச் செய்தார். எஃப் 13 என்ற அந்த விமானம் 1919 ஜூன் 25ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. அதற்கு மூன்றாம் நாள் வெர்சேல்ஸ் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூடிய அறையில் நான்கு பிரயாணிகள், அறைக்குச் சூடேற்றும் வசதி, மெத்தை ஆசனம், இடுப்புப் பட்டை. முழுவதும் உலோகத்தால் செய்து பிரயாணிகளுக்கென்றே கட்டிய முதல் விமானம் அதுதான். 300க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுப் பல நாடுகளுக்கு விற்பனையாயின.

துணி விமானத்தைக் கொட்டகையில் வைத்துக் காக்க வேண்டும். உலோக விமானமோ மழையிலும் வெயிலிலும் பனியிலும் வெளியே நின்றது. பழுதானால் அந்த இடத்துத் தகட்டை எடுத்துவிட்டு வேறு தகடு வைத்து ஆணி அடிக்கலாம். சரக்கு ஏற்றுபவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதன் பயன் நம் கிழக்குத் திசையிலும் தெரிந்தது. நியூகினித் தீவில் புலோலோ பள்ளத்தாக்கில் ஆற்று மணலில் பொன் இருந்தது. அதை வாரி எடுக்க, நம் பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரிய மிதக்கும் இயந்திரக் கப்பல்களைப் போன்றவை வேண்டும். கடற்கரையிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, மலையும் காடும். 1931 முதல் யுங்கர்ஸின் மூன்று எஞ்சின் விமானங்கள், அந்தக் கப்பல்களைத் துண்டு துண்டாக லே என்ற ஊரிலிருந்து ஆகாய மார்க்கமாய்த் தூக்கிப் போயின. ஒரு துண்டு மூன்று டன் வரைகூட இருந்தது. விமானத்தின் முதுகுத் தகட்டைத் திறந்து பாரந்தூக்கியால் சாமானை உள்ளே இறக்கினார்கள். கப்பலை ஆகாயத்தில் கொண்டுபோய் மலைக்கு நடுவே மிதக்க விட்டது அந்த நெளித்தகடு.

கடனும் சர்க்காரும்

ஆனால் டெஸ்ஸௌவில் பேரேடு வேறு கதை சொல்லியது. யுங்கர்ஸ் ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர். வெந்நீர் அடுப்பில் வந்த லாபம் ஆராய்ச்சிச் சாலைக்குப் போயிற்று. 1922இல் ஜெர்மன் சர்க்காரின் தூண்டுதலால் ரஷ்யாவில் மாஸ்கோ அருகே ஃபிலி என்ற இடத்தில் விமானத் தொழிற்சாலை நடத்த ஒப்புக்கொண்டார். எதிர்பார்த்த ஆர்டர் வரவில்லை. சர்க்கார் தருவதாயிருந்த உதவியில் தகராறு வந்தது. 1925இல் கம்பெனி பெரும் பண நெருக்கடியில் விழுந்தது. அவர் வளர்த்த விமானப் போக்குவரத்துக் கம்பெனி கையைவிட்டுப் போயிற்று. அது வேறொரு கம்பெனியுடன் இணைக்கப்பட்டு, 1926 ஜனவரி 6ஆம் தேதி லுஃப்ட் ஹன்சா பிறந்தது. விமானத் தொழிற்சாலை மட்டும் அவரிடம் மீண்டது.

வெளியில் கீர்த்திக்குக் குறைவில்லை. 1928 ஏப்ரலில் பிரேமென் என்ற யுங்கர்ஸ் விமானம் அயர்லாந்திலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக, எங்கும் இறங்காமல் முதன்முதலில் கடந்தது. 1930இல் ஒரு எஞ்சினுடன் பறந்த யு 52 விமானம் 1932இல் மூன்று எஞ்சினுடன் வந்து உலகப் பிரசித்தி அடைந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் உலகமெங்கும் வியாபார மந்தம். 1932இல் கடன்காரர் நெருக்கவே, முப்பத்தேழு ஆண்டு காலம் தம்மைத் தாங்கிய வெந்நீர் அடுப்புத் தொழிலை ராபர்ட் பாஷ் கம்பெனிக்கு விற்றார். விமானத்தைக் காப்பாற்ற வேரை விற்றார் என்றே சொல்ல வேண்டும்.

பறிபோன கம்பெனி

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். புதிய ஆட்சியாளருக்கு யுத்த விமானங்கள் வேண்டும். யுங்கர்ஸ் அவர்களுக்கு இணங்கி நடக்கக்கூடிய ஆள் அல்லர். தேசத்துரோக வழக்குப் போடுவோம் என்று பயமுறுத்தினார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம், பல பத்தாண்டு உழைப்பில் சேர்த்த உரிமைப் பத்திரங்களை எழுதி வாங்கினார்கள். அக்டோபரில் கம்பெனிப் பங்குகளில் நூற்றுக்கு 51ஐ வாங்கினார்கள். 49 தம்மிடம் இருந்தாலும் ஒரு ஆணியைக்கூட மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லாமற்போயிற்று. டெஸ்ஸௌவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று தடை விதித்தார்கள். எழுபத்துநான்கு வயதில், தாம் கட்டிய தொழிற்சாலையைத் தாமே பார்க்க முடியாதவரானார்.

பவேரியா மலைப் பிரதேசத்தில் காவலுக்குட்பட்டு நாட்களைக் கழித்தார். அந்த நிலையிலும் உலோகத்தால் வீடு கட்டும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. 1935 பிப்ரவரி 3ஆம் தேதி, தமது எழுபத்தாறாம் பிறந்த நாளன்றே, மியூனிக் அருகே கௌட்டிங் என்ற ஊரில் காலமானார். எஞ்சிய பங்குகளும் அவ்வாண்டே அவர் மனைவியிடமிருந்து சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும் எடுத்தவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது கதவுப் பலகையிலிருந்த பெயர். அந்தப் பெயர் பல தேசங்களில் விலைபோகும் பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பிய நகரங்களின்மேல் குண்டு போட்ட யு 87, யு 88 விமானங்களும் யுங்கர்ஸ் என்றே அழைக்கப்பட்டன. அவற்றை அவர் செய்யவில்லை, செய்யச் சொல்லவுமில்லை. முதல் யுத்தத்தில் இராணுவத்துக்கு விமானம் கட்டிக் கொடுத்தவர் அவர் என்பது மெய். ஆனால் இந்தக் குண்டு விமானங்களின் கணக்கு அவருடைய கணக்கல்ல. இருந்தும் இன்றுவரை அவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவு வருவது குண்டு விமானந்தான். 1944இல் மியூனிக் பொருட்காட்சிச் சாலையில் வைத்திருந்த அந்த முதல் தகரக் கழுதையும் விமானக் குண்டு வீச்சில் அழிந்தது. 1945 மார்ச் 7ஆம் தேதி டெஸ்ஸௌ நகரத்தின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று.

நின்றது எது?

நெளித்தோல் நிலைக்கவில்லை. நெளிவு காற்றின் உராய்வை அதிகமாக்குகிறது என்று பிற்காலச் சோதனைகளில் தெரிந்தது. 1930களில் விமானங்களின் மேல்தோல் வழவழப்பாயிற்று. விறைப்புக் கொடுக்கும் வேலை உட்புறத்துச் சட்டங்களுக்குப் போயிற்று. யோசித்துப் பார்த்தால் 1915ஆம் ஆண்டு ஜே 1 விமானத்தில் இருந்த முறையின் சாயலே இது. வெளியே வழவழப்பு, உள்ளே விறைப்பு. இப்போது போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற விமானங்களில் எடைக்கணக்கில் பாதியளவு கரிநார்ப் பொருளாகிவிட்டது; அங்கே ஆணிகூடக் குறைந்துவிட்டது. ஆனாலும் தோல் சும்மா மூடிக்கொண்டிருக்கக்கூடாது, பாரம் சுமக்க வேண்டும் என்ற யுங்கர்ஸின் கொள்கை இவ்வளவு பொருள் மாறியும் மாறவில்லை.

வியாபாரிகள் இவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெந்நீர் அடுப்பை வாங்கியவர்கள் ஆயிரமாயிரம் குடும்பத்தார். அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் கடைக்கு ஒன்றும் ஆகாது. விமானத்தை வாங்கியவர்களில் பெரியவர் சர்க்கார். ஆர்டர் கொடுப்பதும் அவர், கடன் கொடுப்பதும் அவர், சட்டம் போடுவதும் அவர், வழக்குத் தொடுப்பதும் அவர். அப்படிப்பட்ட ஒரே வாடிக்கைக்காரரை நம்பி, பல வாடிக்கைக்காரர் உள்ள கடையை விற்க நேர்ந்த அன்றே தராசு சாய்ந்துவிட்டது. அவர் பேராசைக்காரரல்லர், தம் வேலையின்மேல் கொண்ட பற்றினாலேயே அப்படிச் செய்தார். ஆனால் கணக்குப் புத்தகத்துக்குப் பற்று தெரியாது.

பங்கையும் பத்திரத்தையும் கட்டடத்தையும் பிறர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மெல்லிய தகட்டுக்கு அவர் கற்றுக்கொடுத்த நிமிர்வை எழுதி வாங்க ஒருவராலும் முடியவில்லை. அது இன்றும் ஒவ்வொரு விமானத்தின் இறக்கையிலும் இருந்து பாரம் சுமந்துகொண்டிருக்கிறது.